புள்ளியிலே பிறக்கும் கொட்டை எழுத்து!

கோலப்புள்ளி முதல் பஸ் பலகை வரை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் போதும். பாகூர், வில்லியனூர் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் மாரியம்மன் கோவில் திருவிழாதான். கூழ் ஊற்றுவார்கள். செடல் போடுவார்கள். சில ஊர்களில் தீமிதி நடக்கும். இரவில் பார்த்தால் தெருவே ஜெகஜ்ஜோதியாக இருக்கும்.

தெரு முனையில் மூங்கில் சாரம் கட்டி, அதன்மேல் பெரிய "சீரியல் செட்" பலகையை ஏற்றி இருப்பார்கள். அதில் அம்மன் சிரிப்பாள். சூலம் சுழலும். மயில் தோகை விரிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே "ஓம் சக்தி" என்று கொட்டை எழுத்து மின்னும். அரை மைல் தூரத்தில் வருகிறவர் கூட நின்று படித்துவிடுவார்.

அந்தப் பலகைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அங்கே எழுத்தே இருக்காது! சின்னச் சின்ன பல்புகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கும். எது 'ஓ', எது 'ச' என்று தெரியாது. இருபது அடி பின்னால் வாருங்கள். பல்புகள் மறைந்துவிடும். எழுத்து வந்துவிடும்!

இதற்குப் பெயர்தான் புள்ளி எழுத்து. கம்ப்யூட்டர்காரர்கள் அந்த ஒரு புள்ளியை "பிக்சல்" என்கிறார்கள். 1970, 80களில் பழைய கம்ப்யூட்டர்களிலும் விளையாட்டுப் பெட்டிகளிலும் இந்த எழுத்துத்தான் இருந்தது. வேறு வழி இல்லாததால் வந்த எழுத்து அது. இப்போது எத்தனையோ வழி வந்த பிறகும், "பழைய மோஸ்தர்" என்று சொல்லி, இளைஞர்கள் அதையே தேடிப் பிடித்து பனியனிலும் சுவரொட்டியிலும் போட்டுக்கொள்கிறார்கள்.

தமிழுக்கு இந்தப் புள்ளி எழுத்து பொருந்துமா? பொருந்தும். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரே ஒரு புள்ளி தவறினால் ஊர் பெயரே மாறிவிடும்!

பாட்டியின் கணக்கு

மார்கழி மாதத்தில் விடியற்காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்களுக்கு இந்த வித்தை புதிது அல்ல. முதலில் புள்ளி வைக்கிறார்கள். நேர்ப்புள்ளி உண்டு, ஊடுபுள்ளி உண்டு. "ஊடுபுள்ளி, 15 புள்ளி, 8 வரை" என்று பாட்டி சொன்னால், பேத்திக்கு உடனே புரிந்துவிடும். நடுவில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் 14, 13 என்று குறைந்துகொண்டே போய் 8ல் நிற்கும். கூட்டிப் பாருங்கள். மொத்தம் 169 புள்ளி வரும். கையில் காகிதம் இல்லை, பென்சில் இல்லை. குனிந்த நிலையில், பனியில், மாவை விரலால் இழைத்துக்கொண்டே போடுகிற கணக்கு இது!

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கோலத்தில் புள்ளி வழிகாட்டி. கோடுதான் கோலம். புள்ளி எழுத்தில் கோடே கிடையாது. புள்ளிதான் உடம்பு. ஆகையால் அதற்கு இன்னும் நெருங்கிய சொந்தம், துணியில் போடும் குறுக்குத் தையல். தலையணை உறையில் பெயர் தைத்த பெண்கள், கட்டம் எண்ணி எண்ணித்தான் எழுத்தை வளைத்தார்கள். வளைவு என்பது அங்கே படிக்கட்டுத்தான்.

கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் முடிச்சுப் போட்டது யாரோ வெளிநாட்டுக்காரர் அல்ல. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள்தான். கிஃப்ட் சிரோமணி, அவருடைய துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டில் கோலத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். பேசும் மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல, கட்டத்தில் அமையும் படத்துக்கும் இலக்கணம் உண்டு. சில விதிகளைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே கோலத்தை வளர்த்துக்கொண்டு போகும். இதுதான் அந்தக் கட்டுரையின் சாரம். கோலமாவுக்கு உலக விஞ்ஞானப் பத்திரிகையில் இடம் கிடைத்துவிட்டது!

கிஃப்ட் சிரோமணி அதோடு நிற்கவில்லை. அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கம்ப்யூட்டர் தானாகவே அடையாளம் கண்டுகொள்ள முடியுமா என்று ஆராய்ந்தார். 1978ல் அந்தக் கட்டுரை வந்தது. எழுத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கருப்பு உள்ள கட்டத்துக்கு ஒன்று, வெள்ளைக் கட்டத்துக்குச் சைபர் என்று குறித்துக்கொள்வது அதன் அடிப்படை. அதாவது தமிழ் எழுத்தைப் புள்ளியாகப் பார்ப்பது. அவர் 1988ல் காலமானார். இன்று செல்போனில் ஒரு காகிதத்தைப் படம் பிடித்தால் அதில் உள்ள தமிழை அது படித்துக் காட்டுகிறதே, அந்த வழியில் முன்னால் நடந்தவர்களில் அவர் ஒருவர்.

'ட' சுலபம், 'ண' தகராறு

இப்போது எழுத்துக்கு வருவோம். ஆங்கில எழுத்துக்கு அகலத்தில் 5 புள்ளி, உயரத்தில் 7 புள்ளி இருந்தால் போதும். பழைய யந்திரங்களில் அதுதான் வழக்கம். தமிழுக்கு?

'ட' எழுதிப் பாருங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக 7 புள்ளி. அடியில் 5 புள்ளி. மூலைப் புள்ளி இரண்டுக்கும் பொது. ஆக 11 புள்ளியில் 'ட' முடிந்தது. 'ப' எழுத வலது பக்கத்திலும் ஒரு சுவர் எழுப்ப வேண்டும். 17 புள்ளி. சபாஷ்!

அடுத்து 'ண' எழுதுங்கள். அங்கேதான் தகராறு.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்ன சொல்லிக் கொடுக்கிறார்? "ரெண்டு சுழி ன, மூணு சுழி ண" என்கிறார். சுழி என்றால் உள்ளே ஓட்டை வேண்டும். ஓட்டை இல்லாவிட்டால் அது சுழி அல்ல, மசி. ஓர் ஓட்டைக்கு இடது சுவர் ஒரு புள்ளி, நடுவில் வெற்றிடம் ஒரு புள்ளி, வலது சுவர் ஒரு புள்ளி. பக்கத்துச் சுழிக்கு அதே சுவரைப் பங்கு வைத்துக்கொள்ளலாம். அப்படிச் சிக்கனம் பிடித்தாலும் மூன்று சுழிக்கு நான்கு சுவர், மூன்று வெற்றிடம். மொத்தம் 7 புள்ளி அகலம். 5 புள்ளிக் கட்டத்தில் மூன்று சுழியை அடைக்கவே முடியாது. கெட்டிக்காரரும் முடியாது, கம்ப்யூட்டராலும் முடியாது. கணக்கே இடம் கொடுக்கவில்லை.

இடம் போதாதபோது என்ன செய்கிறார்கள்? ஒரு சுழியைத் தின்றுவிடுகிறார்கள். அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் "மணவெளி" என்று ஓர் ஊர் இருக்கிறது. சுழி ஒன்று குறைந்தால் அது "மனவெளி" ஆகிவிடும். கவிஞருக்குப் பிடிக்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்குப் பிடிக்குமா?

கொட்டை எழுத்து ஆசை

மெல்லிய எழுத்துக்கே இந்தப் பாடு. ஆனால் பலகை எழுதுகிறவர்களுக்கு ஆசை எல்லாம் கொட்டை எழுத்தின்மேல்தான். சுவர் தடிப்பாக இருந்தால்தான் தூரத்தில் தெரியும் என்பது அவர்கள் நியாயம். கொட்டை எழுத்து என்றால் ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு புள்ளி. அப்படியானால் 'ண'வுக்கு நான்கு சுவருக்கு 8 புள்ளியும் வெற்றிடத்துக்கு 3 புள்ளியும் சேர்ந்து 11 புள்ளி அகலம் வேண்டும்.

பெயிண்டு பலகையில் கொட்டை எழுத்து எப்போதும் நன்மைதான். விளக்குப் பலகையில் அப்படி அல்ல. இருட்டில் எரியும் விளக்கு நம் கண்ணுக்கு அதன் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும். ஒளி பக்கத்தில் பரவிக் கசியும். ஒரு புள்ளி அகலமுள்ள ஓட்டையை அந்தக் கசிவு விழுங்கிவிடும். பகலில் அழகாகத் தெரிந்த 'ழ', இரவில் நெருப்புக் கட்டிபோல ஆகிவிடுவது இதனால்தான். நல்ல வேலைக்காரர் சுவரைத் தடித்ததும் ஓட்டையையும் சேர்த்து அகலமாக்குவார். அவசரக்காரர் சுவரை மட்டும் தடிப்பார். திருவிழாவுக்குத் திருவிழா இந்த இரண்டு ரகத்தையும் பார்க்கலாம்.

ஒரு பல்பு அணைந்தால்...

இப்போது சீரியல் செட்டில் எரிவது பெரும்பாலும் எல்.இ.டி. என்னும் சிறு விளக்குகள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி வீசும் எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹாலோனியாக் என்ற விஞ்ஞானி 1962ல் செய்து காட்டினார். புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1962ல்தான். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கிறது.

அதற்கு முன்னால் பழைய இழை பல்புகள். 6 வோல்ட் பல்பை 230 வோல்ட் மின்சாரத்தில் நேராக மாட்டினால் பட்டென்று போய்விடும். ஆகவே ஏறக்குறைய 40 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சரமாகக் கோத்து, மின்சாரத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். "சீரியல்" என்ற பெயர் அதனால் வந்தது. இதில் ஓர் ஆபத்து. ஒரு பல்பு உயிரை விட்டால் அந்தச் சரம் முழுவதும் அணைந்துவிடும். சாமி புறப்பாட்டுக்கு அரை மணி இருக்கும்போது "ஓம் சக்தி"யில் 'க்' மட்டும் இருண்டு போனால் என்ன செய்வது? சாரத்தில் ஏறி, 40 பல்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டியதுதான்!

இந்தக் கலையில் நாட்டிலேயே பெயர் பெற்ற ஊர் மேற்கு வங்கத்தில் உள்ள சந்தன்நகர். புதுவையைப் போலவே அதுவும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். 1950ல் அது இந்தியாவின் கைக்கு வந்தது. ஜகத்தாத்ரி பூஜை சமயத்தில் அங்கே வீதி வீதியாக விளக்குப் படங்கள் ஓடும், குதிக்கும், பறக்கும். அந்த ஊர் ஸ்ரீதர் தாஸ் இதில் முன்னோடி என்று புகழ் பெற்றவர். கம்ப்யூட்டர் சில்லு வராத காலத்தில் படத்தை ஆட வைத்தது எது தெரியுமா? ஒரு உருளை! உருளையின்மேல் செப்புத் தகடுகளைக் கணக்காக ஒட்டி இருப்பார்கள். மோட்டார் அதைச் சுற்றும். தகடு பட்ட சரம் எரியும். தகடு விலகிய சரம் அணையும். எரிந்து அணைந்து எரிந்து அணைந்து மயில் தோகையை விரித்துவிடும்.

உலகத்தில் ஓடும் எழுத்துக்குப் பெரிய விளம்பரம் கிடைத்தது 1928ல். நியூயார்க் நகரில் டைம்ஸ் கட்டிடத்தைச் சுற்றி ஏறக்குறைய 15,000 பல்புகளை வரிசையாகப் பதித்து, அன்றைய தேர்தல் செய்தியை எழுத்தாக ஓட விட்டார்கள். தெருவில் நின்ற கூட்டம் அண்ணாந்து பார்த்துப் படித்தது.

அரும்பார்த்தபுரம் பரீட்சை

இன்று கடை வாசலிலும், சில பஸ்களின் நெற்றியிலும் செய்தி ஓடுகிறதே, அந்தப் பலகைக்கு வருவோம். கடைகளில் பெரும்பாலும் மாட்டுவது "பி 10" என்னும் ரகம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையே 10 மில்லிமீட்டர். அகலத்தில் 32 விளக்கு, உயரத்தில் 16 விளக்கு. ஆக ஒரு பலகைக்கு 512 விளக்கு. நீளம் 32 சென்டிமீட்டர், உயரம் 16 சென்டிமீட்டர். வேண்டிய அளவுக்குப் பலகைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

வில்லியனூருக்குப் பக்கத்து ஊரான அரும்பார்த்தபுரத்தை இதில் எழுத வேண்டும். பத்து எழுத்து. அதில் நான்கு மெய், அதாவது நான்கு மேல்புள்ளி. ர, ரு, ர் என்று ரகரமே மூன்று இடத்தில் வருகிறது. இதைவிட நல்ல பரீட்சை வேறு என்ன வேண்டும்?

ஓர் எழுத்துக்கு, இடைவெளியும் சேர்த்து, தாராளமாக 12 புள்ளி வைத்துக்கொள்வோம். 120 புள்ளி அகலம். நான்கு பலகை சேர்த்தால் 128. அடங்கிவிடும். ஆங்கிலத்தில் அதே பெயருக்கு 15 எழுத்து. மெல்லிய எழுத்தாக, இடைவெளியோடு 6 புள்ளி வீதம் போட்டால் 90. மூன்று பலகையில் முடிந்துவிடும். "தமிழ் இடத்தை அடைக்கிறது, ஆங்கிலமே போடலாம்" என்று சிலர் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இது நியாயமான கணக்கா? ஒரு பக்கம் கொட்டை எழுத்து, மறு பக்கம் மெல்லிய எழுத்து! ஆங்கிலத்தையும் கொட்டை எழுத்தாகப் போட்டால் ஓர் எழுத்துக்கு 8 புள்ளி ஆகும். 15 எழுத்துக்கு 120. தமிழுக்கும் 120, ஆங்கிலத்துக்கும் 120. இடத்தின்மேல் பழி போட வழி இல்லை.

தமிழுக்கு உண்மையில் வேண்டியது உயரம். ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரே கோட்டில் உட்கார்ந்துகொள்ளும். தமிழ் அப்படி உட்காராது. 'ம்' என்றால் தலைக்குமேல் புள்ளி. 'பு' என்றால் காலுக்குக் கீழே இறக்கம். 16 வரிசையில் புள்ளிக்கு மேலே 2, இடைவெளிக்கு 1, உடம்புக்கு 9, கீழ் இறக்கத்துக்கு 4 என்று பங்கு போட்டால் எல்லாம் ஒழுங்காக அமையும். பங்கு போடத் தெரியாதவர்கள், ஆங்கிலத்துக்கு வைத்த 8 வரிசைக்குள் தமிழைத் திணிக்கிறார்கள். அப்போது முதலில் பலியாவது ரகரத்தின் கால்.

'ர'வுக்கும், 'கா'வில் வரும் காலுக்கும் என்ன வித்தியாசம்? 'ர'வுக்கு அடியில் ஒரு சாய்ந்த கோடு உண்டு. காலுக்கு அது இல்லை. அவ்வளவுதான்! அந்தச் சாய்கோடு விழுந்துவிட்டால் "மரம்" என்பது "மாம்" ஆகிவிடும். "கரம்" என்பது "காம்" ஆகிவிடும். பாகூர்ப் பக்கத்துக் கரையாம்புத்தூரின் முதல் இரண்டு எழுத்தையே வாய்விட்டுப் படிக்க முடியாது.

நன்றாகப் படித்தவருக்கு இது பெரிய விஷயம் அல்ல.  ஓர் எழுத்து சிதைந்திருந்தாலும், மற்ற எழுத்துக்களை வைத்துச் சொல்லை ஊகித்துவிடுவார். ஆனால் அறுபது வயதில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மாள் என்ன செய்வார்? அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் முக்கியம். 'மா' என்று படித்துவிட்டு, அடுத்த எழுத்துக்கு வருவதற்குள் பலகை ஓடிவிடும். பஸ்ஸும் போய்விடும். பிறகு பக்கத்தில் நிற்பவரிடம் "தம்பி, இது எந்த ஊரு வண்டி?" என்று கேட்க வேண்டியதுதான். படிக்கத் தெரிந்தும் கேட்க வேண்டி இருப்பது கொடுமை இல்லையா?

ஓடும் எழுத்து கூடாது என்பது அல்ல. ஊர் பெயர் நிற்கட்டும். மற்ற விளம்பரம் ஓடட்டும். நான்கு பலகை வாங்கும் இடத்தில் இரண்டு வாங்கி மிச்சம் பிடிப்பதால்தான் ஊர் பெயரும் ஓட வேண்டி இருக்கிறது.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். இந்தப் பலகையில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிவதில்லை! பி 10 பலகையில் ஒரு சமயத்தில் கால் பங்கு வரிசைதான் எரியும். அடுத்த கணம் அடுத்த கால் பங்கு. மின்னல் வேகத்தில் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், சினிமாவில் போலவே, நம் கண் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பார்க்கிறது. செல்போனில் படம் பிடித்தால் சில சமயம் குட்டு வெளிப்பட்டுவிடும். எழுத்து துண்டு துண்டாக விழும். பலகை கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்!

புள்ளியின் பழைய கதை

மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது தொல்காப்பியம் சொல்லும் பழைய விதி. ஆனால் ஓலைச்சுவடியில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலையில் ஓட்டை விழுமே! கல்வெட்டிலும் பல இடங்களில் புள்ளி இருக்காது. படிப்பவர் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும்.

பாகூரில் மூலநாதர் கோவில் சுவரைச் சுற்றி வந்தால், சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பார்க்கலாம். பாகூர் அப்போதே படிப்புக்குப் பெயர் பெற்ற ஊர். 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இந்த ஊரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச் சாலைக்கு, மூன்று கிராமங்களைத் தானமாகக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேட்டில் இருக்கிறது. கல், செம்பு, ஓலை என்று எழுதும் பொருள் மாற மாற, எழுத்தின் முகமும் மாறியது.

பிறகு ஈய எழுத்து வந்தது. அதிலும் புதுவைக்கு ஒரு பங்கு உண்டு. 1761ல் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்தபோது, அங்கிருந்த அச்சு யந்திரத்தையும் விட்டுவைக்கவில்லை. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது வேப்பேரியில் பாதிரியார் ஃபப்ரிசியஸ் கைக்குப் போய், சென்னையின் ஆரம்ப கால அச்சுக்கூடமாக ஆனது. கொள்ளை அடித்தும் அச்சுத் தொழில் வளர்ந்திருக்கிறது!

தமிழில் 247 எழுத்து என்று சொன்னால் கம்ப்யூட்டர்காரர் பயந்துவிடுவார். பயப்படத் தேவை இல்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, மெய் 18, இகரம் 18, ஈகாரம் 18, உகரம் 18, ஊகாரம் 18. இவற்றோடு கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகிய நான்கு. ஆக 125 உருவம் செய்தால் போதும். மற்றதெல்லாம் இவற்றைக் கோத்துக்கொள்வதுதான். ஒரு காலத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துக்களுக்குத் தனி உருவம் இருந்தது. லையும் ளையும் யானை தும்பிக்கையைத் தூக்கியது போல இருக்கும். வீட்டில் உள்ள தாத்தா, பாட்டியை எழுதச் சொன்னால் இன்றும் அந்தத் தும்பிக்கையைப் போட்டுக் காட்டுவார்கள். பெரியார் 1935 முதல் தம்முடைய "குடி அரசு" பத்திரிகையில் இந்தச் சுமையைக் குறைத்து அச்சிட்டார். தமிழ்நாடு அரசு 1978ல் அதை ஏற்றுக்கொண்டது. புள்ளிப் பலகை செய்கிறவருக்கு அந்தத் தனி உருவங்கள் மிச்சம்.

நோட்டுப் புத்தகத்தில் பிறந்த புகழ்

மேல்நாட்டில் இந்தப் புள்ளி எழுத்துக்குப் புகழ் தந்தது இரண்டு. முதலாவது, காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டு. 1976ல் அமெரிக்காவின் அட்டாரி கம்பெனியைச் சேர்ந்த லைல் ரெயின்ஸ், அகலம் 8, உயரம் 8 புள்ளியில் ஒரு கொட்டை எழுத்தை அமைத்தார். அதைப் பார்த்து ஜப்பான் கம்பெனிகளும் அதே மாதிரியில் செய்துகொண்டன. 64 புள்ளியில் ஓர் எழுத்து. கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் அது பிடிக்கும் இடம் வெறும் 8 பைட். ஞாபகசக்தி தங்கம்போல விலை விற்ற காலம் அது.

இரண்டாவது, ஒரு பெண்மணி. பெயர் சூசன் கேர். 1984ல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு எழுத்தும் சின்னப் படங்களும் செய்தவர். அவர் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு கட்டமாகப் பேனாவால் அடைத்து அடைத்துப் பழகினார். ஊசித் தையலும் சில்லுப் படமும் தெரிந்திருந்ததால் இந்த வேலை தமக்குப் புதிதாகத் தோன்றவில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லி இருக்கிறார். வாசலில் கோலம் போடும் எந்தப் பெண்ணும் அதைச் சொல்லி இருப்பாள்!

அவர் செய்த "சிகாகோ" என்னும் எழுத்து கொட்டையாக இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. கம்ப்யூட்டரில் இப்போது பயன்படாத சொல்லை மங்கலாகக் காட்ட வேண்டும். திரையிலோ கருப்பு, வெள்ளை இரண்டே நிறம். ஆகவே ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளியை அழித்துவிடுவார்கள். மெல்லிய எழுத்தில் பாதிப் புள்ளி போனால் ஒன்றும் மிஞ்சாது. கொட்டை எழுத்தில் பாதி போனாலும் படிக்க முடியும். கொட்டை என்பது அழகுக்கு மட்டும் அல்ல, பஞ்ச காலச் சேமிப்பும்கூட.

தமிழில் கம்ப்யூட்டர் எழுத்துக்கு உழைத்தவர்களில் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் முக்கியமானவர். அவருடைய "முரசு" மென்பொருள் 1985ல் தொடங்கியது. அந்த நாளையத் திரைகளிலும் ஊசி குத்தி அச்சடிக்கும் யந்திரங்களிலும் தமிழ் எழுத்து எல்லாம் புள்ளி எழுத்துத்தான். பாங்கிப் பாஸ் புத்தகத்தைக் கொடுத்தால் "கிர்ர் கிர்ர்" என்று சத்தம் போட்டுப் பதிகிறதே, அந்த யந்திரத்தின் தலையில் 9 அல்லது 24 ஊசிகள் இருக்கும். ரிப்பனில் அவை குத்துவதால் எழுத்து விழுகிறது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிகள் தெரியும். பில் கொடுக்கும் கையடக்க யந்திரமும் அப்படியே. ஆனால் அதில் ஊசி இல்லை, சூடு. 48 மில்லிமீட்டர் அகலத்தில் 384 புள்ளி. அதனால்தான் அந்தப் பில்லை வெயிலில் வைத்தால் எழுத்து போய்விடுகிறது.

நீங்களும் செய்யலாம்

ஆடம்பரம் ஒன்றும் வேண்டாம். பிள்ளைகளின் கணக்கு நோட்டில் ஒரு தாள் போதும். குழந்தையும் அம்மாவும் சேர்ந்து உட்காருங்கள். உங்கள் ஊர் பெயரை எழுதிப் பாருங்கள். சேலியமேடு, கிருமாம்பாக்கம், ஒதியம்பட்டு, கூடப்பாக்கம், எதுவானாலும் சரி.

16 வரிசை எண்ணிக்கொள்ளுங்கள். மேல் 2 வரிசை புள்ளிக்கு. அதற்குக் கீழே 1 வரிசையைத் தொடாதீர்கள். அடுத்த 9 வரிசை உடம்புக்கு. கடைசி 4 வரிசை கீழே இறங்கும் கோட்டுக்கு. ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு கட்டம் அடையுங்கள். சுழிக்குள் குறைந்தது ஒரு கட்டம் வெள்ளையாக விடுங்கள். விளக்குப் பலகைக்கு என்றால் இரண்டு கட்டம் விடுங்கள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே ஒரு கட்டம் கட்டாயம். இல்லாவிட்டால் 'ப'வும் 'ட'வும் கைகோத்துக்கொண்டு மூன்றாவதாக ஏதோ ஒன்றைப் பெற்றுவிடும்.

மேல்புள்ளியை ஒரே கட்டமாக வைத்தால் தூரத்தில் தெரியாது. இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் அடையுங்கள். ரகரத்தின் சாய்கோட்டைக் கடைசி நான்கு வரிசைக்குள் துணிந்து இறக்குங்கள். அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

பெரிதாக்க நினைத்தால் இரட்டிப்பாக்குங்கள், அல்லது மூன்று மடங்காக்குங்கள். ஒன்றரை மடங்கு என்று போனால் சில சுவர் தடித்து, சில சுவர் மெலிந்து எழுத்து கோணிக்கொள்ளும். கம்ப்யூட்டரில் செய்தாலும் இதே விதிதான். கடிதம் முழுவதும் இந்த எழுத்தில் அடித்தால் கண் வலிக்கும். நான்கைந்து சொல் உள்ள தலைப்புக்கு மட்டும் இது அழகு. கபடிக் குழுவின் பனியனுக்கும், பொங்கல் விளையாட்டுப் போட்டி நோட்டீசின் தலைப்புக்கும் பிரமாதமாக இருக்கும்.

எழுதி முடித்ததும் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். பத்தடி, இருபதடி என்று பின்னால் போய்ப் பாருங்கள். பிறகு வீட்டில் மெதுவாக எழுத்துக் கூட்டிப் படிப்பவர் யாரோ அவரைக் கூப்பிட்டு, ஊர் பெயரைச் சொல்லாமல், படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் எழுத்து எதுவோ, அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு மறுபடியும் அடையுங்கள்.